விந்தகத்தில் பிளாஸ்டிக்: நஷ்டம் யார் கணக்கில்?

2024-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் இறந்துபோன 23 ஆண்களின் விந்தகங்களைச் சோதித்தார்கள். 23-லும் மைக்ரோபிளாஸ்டிக்! அதிகம் இருந்தது பாலிஎத்திலீன்... அதாவது நம்ம கேரிபேக் சரக்கு. 47 நாய்களிலும் இருந்தது, பி.வி.சி. கூடிய நாய்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு.

"மனிதனுக்கு நிரூபணம் ஆகலையே?" என்பார்கள். உண்மைதான், இன்னும் ஆகவில்லை. அதனால் சும்மா இருக்கலாமா?

பி.காம். முதல் வருடமே சொல்லித்தருகிறார்கள்: வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கு, லாபத்தை உறுதியான பின் எழுது. கடைக் கணக்குக்கு இருக்கும் இந்த எச்சரிக்கை உடம்புக்கு வேண்டாமா நண்பர்களே?

பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உடன்பாடு இல்லாமலே கலைந்தது. உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள். 'ஆபத்தில்லை' என்பதற்கு ஆதாரத்தை முதலில் விற்பவன் காட்டட்டும்!