பதிவேடு யார் கையில்?

தோழர்களே, டோக்கியோவில் நடந்த ஒரு சங்கதி. ஷிபுயா, செடகாயா என்று அடுத்தடுத்து இரண்டு வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் தனி மேயர், தனி மன்றம். 2015 நவம்பர் 5ஆம் தேதி, ஒரே நாளில், இரண்டும் ஒருபால் இணையருக்குச் சான்றுத்தாள் கொடுக்கத் தொடங்கின. நாட்டின் திருமணச் சட்டம் அவர்களை ஏற்காத நிலையில் உள்ளாட்சிகள் தாமே போட்ட வழி இது. உலகமே கைதட்டியது. நாமும் தட்டுவோம். ஆனால் தட்டி முடித்ததும் வரைவைக் கையில் எடுத்துப் படிக்கணும்.

ஷிபுயா 2015 மார்ச் 31 அன்று மன்றத்தில் வாக்கெடுத்துச் சட்டமே இயற்றியது. மீறும் நிறுவனத்தின் பெயரை ஊரறிய வெளியிடலாம் என்று அதில் கொஞ்சம் பல்லும் வைத்தது. சரி, சான்று வாங்க என்ன வேண்டும்? பொதுவாக, நோட்டரி முன் எழுதிய இரண்டு ஒப்பந்தப் பத்திரங்கள். அதற்குப் பல்லாயிரம் யென் செலவு. செடகாயாவில் இருவரும் அலுவலர் முன் வந்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும், காசில்லை. ஆனால் அது மன்றம் இயற்றிய சட்டமல்ல, மேயர் போட்ட நெறிமுறை. நாளைக்கு வேறொரு மேயர் வந்து ஒரு கையெழுத்தில் அழித்துவிடலாம். பலமுள்ள தாளுக்கு வாசலிலேயே உண்டியல். இலவசத் தாளுக்கோ பலமில்லை. வாரிசுரிமையும் வரிச்சலுகையும் இரண்டிலுமே கிடையாது.

இதே ஷிபுயா நிர்வாகம்தான் 2010இல் மியாஷிதா பூங்காவில் கூடாரம் போட்டுக் கிடந்த வீடற்றவர்களைக் கிளப்பி, நைக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு விளையாட்டுப் பூங்கா கட்டியது. காசுள்ள இணையருக்குச் சான்றிதழ், காசில்லாதவனுக்கு வெளியேற்றம். ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகள்தானே இவை?

பதிவேடு என்றாலே நெஞ்சு பதறும் மக்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். புராக்கு மக்கள். தோல் பதனிடுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் என்று தொழிலோடு தீட்டை ஒட்டி ஒதுக்கப்பட்டவர்கள். நமக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 1871இல் அரசு அவர்களை விடுவித்ததாக ஆணை போட்டது. அடுத்த வருசமே நாடு முழுக்கக் குடும்பப் பதிவேடு எழுதினார்கள். சில இடங்களில் பழைய இழிபெயரும், சில இடங்களில் ‘புதிய குடிமக்கள்’ என்ற பட்டமும் அதில் ஏறின. விடுதலை செய்த கையே முத்திரையும் குத்தியது. பெண் கொடுக்கும் முன் அந்த ஏட்டைப் புரட்டி வம்சம் பார்த்தார்கள். நிச்சயித்த கல்யாணங்கள் எத்தனையோ முறிந்தன. 1872ஆம் ஆண்டு ஏடுகளை அரசு பூட்டி வைத்தது 1968இல்தான். அப்புறம் நடப்பிலிருந்த ஏட்டையும் கண்டவனெல்லாம் புரட்ட முடியாதபடி 1976இல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முந்தைய வருசம்தான் புராக்கு ஊர்ப்பெயர்களை அடுக்கிய ரகசியப் பட்டியல் நூல்கள் அம்பலமாகின. வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வம்சம் துருவும் துப்பறிவாளர்களைக் கட்டுப்படுத்த ஒசாகா மாகாணம் 1985இல் சட்டம் போட்டது. அதுவும் உள்ளாட்சிச் சட்டம்தான்.

அதனால் இணையர் பதிவு வரைவு எங்கே எழுதப்பட்டாலும் நாம் கேட்க வேண்டியது: கட்டணம் எவ்வளவு? மன்றத்தின் சட்டமா, மேயரின் தாளா? ஏட்டைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு? மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டில் ஜெயித்தாலும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அது பாதி வெற்றி கூட இல்லை என்பது நம் கருத்து. ஒருபால் இணையர் தோழர்களுக்கு இது தெரியாததல்ல. வீட்டுக்கும் முதலாளிக்கும் தெரிந்துவிடுமோ என்கிற பயத்திலேயே பதிவுக்குப் போகாதவர்கள் அவர்களிலும் உண்டு.

இங்கே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. சாதி மறுத்து மணக்க விரும்பும் இருவர் அதன்படி பதிவு அலுவலகம் போனால், பெயரும் முகவரியும் எழுதிய அறிவிப்பைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டச் சொல்கிறது. பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளில் அதைப் படிக்க வருகிறவன் யார் என்று அந்த இருவருக்கும் தெரியும்.