அரங்கில் எழும் எதிர்ப்புக் குரல்

இசையரங்குக்குள் அரசியல் வரக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வெளிநாடு போய் வாசித்தால் அதன் நாட்டுக்கும் பெருமை சேர்கிறது. பெருமை போய்ச் சேரும் இடத்துக்குக் கேள்வியும் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கேள்வியை எந்த நேரத்தில், எப்படி எழுப்புகிறோம் என்பதில்தான் அது காதில் விழுவதும் விழாமல் போவதும் இருக்கிறது.

2011 செப்டம்பர் 1, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். பிபிசி நடத்தும் கோடை இசைவிழாவில், மும்பையில் பிறந்த ஸூபின் மேத்தா இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கை நடத்துகிறார். முதலில் வெபர்னின் 'பாஸகாலியா'. தந்திகளை விரலால் சுண்டும் மிக மெல்லிய ஒலியில் தொடங்குவது அது. பாலஸ்தீன ஆதரவாளர்கள் அதன் நடுவே எழுந்து பாடினார்கள். கில் ஷஹாம் வயலினோடு வந்தபோதும் கூச்சல். ரசிகர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். பிபிசியின் ரேடியோ 3 நேரடி ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது. பாலஸ்தீனர்களின் துயரம் உண்மையானது, உலகம் கேட்டே ஆக வேண்டியது. அன்று அரங்கில் இருந்தவர்களுக்குக் கேட்டதோ இரைச்சல்தான்.

2014 அக்டோபர் 4, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். அதன் புறநகரான ஃபெர்குசனில், கையில் ஆயுதம் இல்லாத 18 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பவல் ஹால் இசையரங்கில் இடைவேளை முடிந்து, பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' என்னும் இரங்கல் இசை தொடங்க வேண்டிய நேரம். டிக்கெட் வாங்கி வந்திருந்த சுமார் 50 பேர் ஆங்காங்கே எழுந்து பாடினார்கள். 1931இல் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் பிறந்த பாட்டு, பிரவுனுக்காக மாற்றிய வரிகளோடு ஒலித்தது. மாடியிலிருந்து பதாகைகள் இறங்கின. சில நிமிடங்களில் முழக்கமிட்டபடி தாங்களாகவே வெளியேறினார்கள். ரசிகர்களிலும் கலைஞர்களிலும் சிலர் கைதட்டினார்கள். பிறகு ரெக்வியம் தொடங்கியது. செத்தவருக்கான வேண்டுதலைவிட, பறிகொடுத்து நிற்பவருக்கான ஆறுதலைத்தான் பிராம்ஸ் அதில் முன்வைத்தார். அந்த ஊரில் அந்த ஆறுதல் யாருக்குத் தேவை என்பதை, இசைக்கு முன்பே அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பொறுப்பு போராடுகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2023 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் லூசெர்னில், ப்ரூக்னரின் நான்காம் சிம்பொனியைக் காலநிலை ஆர்வலர்கள் இடைமறித்தார்கள். நீங்கள் பேசி முடிக்க விடுகிறேன், பிறகு எங்களை வாசிக்க விடுங்கள் என்று இசை நடத்துநர் விளாடிமிர் யுரோவ்ஸ்கி அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். கொதித்த ரசிகர்களிடம், கேட்க மறுத்தால் மேடையைவிட்டு இறங்கிவிடுவேன் என்றார். பேச்சு முடிந்தது, சிம்பொனி தொடர்ந்தது.

போராடும் தோழர்களே, வாசித்துக்கொண்டிருப்பவரின் ஒலியை அமுக்காதீர்கள். இடைவேளை இருக்கிறது, இரண்டு உருப்படிகளுக்கு நடுவே நேரம் இருக்கிறது. எழுந்து நின்று சொல்லுங்கள், சொன்னதும் வழிவிடுங்கள். ரசிகர்களே, ஒரு மணி நேரம் அசையாமல் ப்ரூக்னரைக் கேட்கப் பழகிய நாம், நியாயம் கேட்டு நிற்பவருக்கு மூன்று நிமிடம் காது கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.