பேர் வைக்காத வலி!

காலைல கண் முழிச்சதும் நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? செல்போனைத் தேடுவீங்க. நான் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். மடங்கினா காலேஜ். மடங்கலைன்னா ஒரு மணி நேரம் வெயிட்டிங். டூத்பேஸ்ட் மூடியைத் திறக்கக்கூட ரூம்மேட்டை எழுப்பணும்!

ஒன்றரை வருஷமா இதே கதைதான். மூட்டு வலி, சாயங்காலமானா காய்ச்சல், ரெண்டு மாடி ஏறினாலே பேட்டரி டவுன். 'ஓசூர் குளிர்தாம்மா' என்றார்கள். அப்புறம் 'எக்ஸாம் டென்ஷன்'. கடைசியா, 'கண்ணு பட்டிருக்கு'. நம்ம ஊரு மூணு பாஷை ஊராச்சே... 'என்ன ஆச்சு?', 'ஏமைந்தி?', 'ஏனாயித்து?'னு அக்கறையா கேட்டாங்க. மூணு பாஷையிலயும் என்கிட்ட பதில் இல்லை.

அம்மாவோட அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருல ஒரு ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்த்தோம். அவர்தான் புரிய வெச்சார். சிப்காட் கேட்ல நிக்கற செக்யூரிட்டி, ஐ.டி. கார்டு போட்ட ஸ்டாஃபையே திருடன்னு நினைச்சு அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான் ஆட்டோ இம்யூன்! நம்ம எதிர்ப்பு சக்தி நம்மையே தாக்கும். லூபஸ்ங்கறது அதுல ஒரு வகை. அது வர்ற 10 பேர்ல சுமார் 9 பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் நம்ம வயசுலதான் ஆரம்பிக்கும்.

எனக்கு ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ். 'அப்போ லூபஸா?'ன்னு அழ ஆரம்பிச்சுட்டேன். அவசரப்படாதேன்னார். நல்லா இருக்கற 100 பேரை டெஸ்ட் பண்ணினாலும், 1:80 அளவுல சுமார் 13 பேருக்கு பாசிட்டிவ் வரும்னு 1997-ல வந்த ஆய்வு சொல்லுதாம். லூபஸ்னு வகைப்படுத்த, 2019-ல ஒரு மார்க் முறை கொண்டு வந்திருக்காங்க. பாஸ் மார்க் 10. எனக்கு மூட்டுக்கு 6, காய்ச்சலுக்கு 2. மொத்தம் 8! அந்த மார்க் ஆராய்ச்சிக்காகப் போட்டது, அதை மட்டும் வெச்சு வியாதியை முடிவு பண்றதில்லைன்னும் சொன்னார். வாழ்க்கையில முதல் தடவையா ஃபெயிலானதுக்கு டாக்டர் கைகுலுக்கினார்.

என் ஃபைல்ல இருக்கறது 'வகைப்படுத்த முடியாத இணைப்புத்திசு நோய்'. பலருக்கு இது இப்படியே மிதமா நின்னுடும். சிலருக்கு, பெரும்பாலும் முதல் 5 வருஷத்துக்குள்ள, லூபஸ் மாதிரி ஒரு பேர் கிடைக்கும். எனக்கு எதுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது.

லேப்ல சர்க்யூட் லூஸ் கான்டாக்ட் ஆனா பார்த்திருக்கீங்களா? ஸ்டாஃப் வந்து நின்னதும் ஒழுங்கா எரியும். அவர் நகர்ந்ததும் அணையும். என் உடம்பும் அப்படித்தான். அட்டெண்டன்ஸ் 68 சதவிகிதம் ஆனப்போ சர்டிபிகேட்டை நீட்டினேன். 'என்ன வியாதின்னே இதுல இல்லையேம்மா'ன்னாங்க. வலியைவிட அந்த வரிதான் வலிச்சது. பல்லாவரத்துப் பொண்ணு சமந்தா, தனக்கு மயோசிட்டிஸ்னு 2022 அக்டோபர்ல போட்ட போஸ்ட்டை அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சேன். உண்மையைச் சொல்லவா? பொறாமையா இருந்துச்சு. அவங்க வியாதிக்கு ஒரு பேர் இருந்துச்சே!

எங்க தெருவுல ஃபேக்டரிக்குப் போற ஒரு அக்காவுக்கும் இதே மாதிரி கை வீக்கம். லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும்னு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு ஷிஃப்ட்டுல நிக்கறாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

காலைல அரை மணி நேரத்துக்கு மேல விரல் இறுகி நின்னா, அது வாரக்கணக்கா தொடர்ந்தா, டாக்டரைப் பாருங்க. கிருஷ்ணகிரியில 2022-ல திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு; பொது மருத்துவப் பிரிவுல ஆரம்பிக்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில ருமட்டாலஜிக்குன்னு தனித் துறையே இருக்கு. வீக்கம், தடிப்பு வந்தா தேதியோட போட்டோ எடுத்து வையுங்க. டாக்டர் முன்னாடி அது மறைஞ்சே போயிருக்கும்! ஸ்டீராய்டை நீங்களா ஆரம்பிக்காதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சிறுநீர்ல நுரை, கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க.

ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு ரிக்வெஸ்ட். உங்க கிளாஸ்லயும் என்னை மாதிரி ஒருத்தி இருக்கலாம். 'என்னன்னு கண்டுபிடிச்சாங்களா?'ன்னு தினமும் கேக்காதீங்க. என் ரூம்மேட் எதுவுமே கேக்கறதில்லை. இப்பல்லாம் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி, என் டூத்பேஸ்ட் மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணி வெச்சுட்டுப் படுக்கறா. அவ்வளவுதான்!