சட்டியை எடுக்காதீங்கோ, கூட்டத்தைச் சேருங்கோ

வெள்ளவத்தையில் எங்கட அறைக்கு வாற எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "தொட்டிக்குள்ள மீன் இருக்கா?" என்பதுதான். இருந்தது. 2 அடித் தொட்டி, ஏறக்குறைய 55 லீற்றர் தண்ணி, ஒரு உடைஞ்ச மண்சட்டி, அதுக்குள்ள இரண்டு கொரிடோராஸ். காசு போட்டது நாங்கள் மூன்று பேர். மூன்று கிழமையில் அதுகளை முழுசாகப் பார்த்தது ஒருத்தர் மட்டும். அதுவும் இரவு ஒரு மணிக்கு, அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தபோது.

மீன் வித்தவரிட்டயே போய்க் கேட்டோம். "சட்டிய எடுங்கோ தம்பி, ஒளிக்க இடமில்லாட்டி வெளியில வரத்தானே வேணும்" எண்டார். எடுத்தோம். இரண்டும் பில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. தீனைத் தொடவில்லை. அடுத்த கிழமை ஒன்று செத்துப்போச்சு. சட்டியை எடுத்ததால்தான் செத்தது எண்டு சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் பயந்த மீனுக்கு இருந்த ஒரே வீட்டையும் பறித்தது நாங்கள்தான்.

அந்த ஆலோசனை பிழை. கூச்சமான மீனை வெளியில் கொண்டுவர மறைவிடத்தை எடுக்கக் கூடாது, துணையைச் சேர்க்க வேணும்.

கொரிடோராஸ், தென்னமெரிக்க ஆறுகளின் அடியில் கூட்டமாக மேயும் சின்னக் கெளிறு. அடியில் கிடக்கிற மீனுக்கு ஆபத்து வருதா எண்டு எப்படித் தெரியும்? மேலே பார்க்கும். நடுத்தண்ணியில் சின்ன மீன்கள் பாட்டுக்கு நீந்தித் திரிந்தால், பக்கத்தில் பெரிய மீனோ கொக்கோ இல்லை எண்டு அர்த்தம். மேலே வெறுமையாகக் கிடந்தால்? எல்லாரும் எதுக்கோ ஓடி ஒளிச்சிட்டாங்கள்! எங்கட தொட்டி நாள் முழுக்க அந்தச் செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கு.

இதுக்காகக் கண்ணில் பட்டதை எல்லாம் வேண்டிவந்து கொட்டக் கூடாது. டைகர் பார்ப் துருதுரு எண்டு ஓடும், பார்க்க வடிவு. ஆனால் மற்ற மீன்ற செட்டையைக் கடிக்கிற பழக்கம் அதுக்கு இருக்கு. ஏஞ்சல் ஆறுதலாக அசையிற மீன், அதுவே சின்ன மீனைப் பிடிச்சுத் தின்னும். 2 அடித் தொட்டிக்கு நாங்கள் எடுத்தது சீப்ரா டேனியோ. இந்தியா, பங்களாதேஷ் பக்கத்து ஓடைகளில் இருக்கிற மீன், விலையும் எங்கட பேர்சுக்குத் தாங்கும்.

இடமிருந்தால் இந்தத் தீவின் மீனையே வைக்கலாம். கொட்டாஞ்சேனையில் எங்கட நண்பி வீட்டு 3 அடித் தொட்டியில் எட்டு பிளாக் ரூபி பார்ப் ஓடுது. சிங்களத்தில் அதுக்கு 'புலத் ஹப்பயா', வெற்றிலை சப்புறவன் எண்டு பெயர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்ற முகம் சிவந்து உடம்பு கறுக்கிறதைப் பார்த்தால் ஏன் எண்டு விளங்கும். செரி பார்ப்பும் எங்கட தீவுக்கே உரியது. 1929இல் அதை விபரித்த தெரணியகல, விஞ்ஞானப் பெயரிலேயே 'தித்தயா' என்ற சிங்களச் சொல்லை வைத்தார். என்ன, அதுவே கொஞ்சம் வெக்கப்படுற மீன், தைரியம் சொல்ல ஆளில்லை. எதுவானாலும் தொட்டியில் வளர்த்த குஞ்சைக் கேட்டு வேண்டுங்கோ. ஓடையில் அள்ளினது வேண்டாம்.

"ஒரு மீன்ற பயத்தைப் போக்க இன்னொரு மீனைக் காவல்காரன் ஆக்கிறீங்களா?" எண்டு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. ரெண்டு சீப்ராவை மட்டும் விட்டால் அது நியாயம்தான். ஆனால் கூட்டமாக வாழுற மீனைக் கூட்டமாகவே, ஆகக் குறைஞ்சது ஆறாவது வைச்சால் அது தன்ர பாட்டில் வாழுது; கெளிறு அதைப் பார்த்து ஆறுதலடையுது. கெளிறுக்கும் அதே கணக்கு. மிஞ்சியிருந்த ஒன்றோடு இன்னும் ஐந்தைச் சேர்த்தோம். ஒரே நாளில் இல்லை. தண்ணி கெட்டுப்போகும் எண்டு இரண்டு மாதம் எடுத்தோம்.

ஒரு கரைச்சல் இருக்கு. சீப்ரா தீனை விழ விடாது. அதனால் லைட்டை அணைச்ச பிறகு கெளிறுக்கு எண்டு தாழுற வில்லையைப் போடுறோம்.

சட்டி திரும்ப அதே இடத்தில் இருக்கு. பகலில் பெரும்பாலும் வெறுமையாக. அறைக்கு வாறவை இப்ப வேற கேள்வி கேக்கினம்: "அது ஏன் விறுக்கெண்டு மேல வந்து வாயை வைச்சிட்டு ஓடுது, சாகப்போகுதா?" இல்லை. காற்றை விழுங்குது. அந்த மீன் குடலாலயும் மூச்சு விடும்.