பிசியோதெரபி படிக்க இங்கிலாந்துக்கா? பத்திரத்தை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்



இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே விஷயத்துக்காகப் போன் செய்துவிட்டார்கள். "டீச்சர், பொண்ணு பி.பி.டி. முடிச்சிட்டா. இங்கிலாந்துல ஒரு வருஷ எம்.எஸ்சி.க்கு சீட் வந்திருக்கு. வீட்டுப் பத்திரத்தை வெச்சு லோன் போடலாமா?" பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு வீட்டுப் பத்திரம் என்றால் ரெண்டு தலைமுறை ஹார்பரிலும் ரயில்வே யார்டிலும் உழைத்த காசு. அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சீட் வந்த கடிதத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டாதீர்கள். இங்கிலாந்தில் 'பிசியோதெரபிஸ்ட்' என்று பெயர் போட்டுக்கொள்ளவே ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு இருக்க வேண்டும். பதிவில்லாமல் போட்டுக்கொண்டால் சட்டப்படி குற்றம். அந்தப் பதிவைத் தருவது பல்கலைக்கழகம் இல்லை.

அங்கே எம்.எஸ்சி.யில் ரெண்டு வகை உண்டு. 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்பது வேறு பட்டம் படித்தவர்கள் பிசியோ ஆவதற்கான படிப்பு. பெரும்பாலும் ரெண்டு வருஷம். ஏறக்குறைய 1000 மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி. முடித்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பி.பி.டி. முடித்தவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் இதில் சேர்ப்பதில்லை. மற்றது, பிசியோ ஆனவர்களுக்கான மேற்படிப்பு. நம் பிள்ளைகளுக்கு ஏஜென்ட் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். படிப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முடித்த கையோடு பதிவு வராது. நம்ம ஊர் பி.பி.டி.யைக் காட்டித் தனியாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

அதை இங்கே இருந்துகொண்டே செய்யலாம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை! பதிவு கிடைத்த பிறகு கிளம்பினால் என்ன கெட்டுப்போகும்? எனக்குத் தெரிந்த ஒரு பையன் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பதிவு வராமல், முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருக்கிறான். அந்த வேலை கேவலம் இல்லை. ஆனால் அவன் அம்மா வட்டி கட்டுவது அதற்காக இல்லையே.

செலவுக் கணக்கில் ஃபீஸ் மட்டும் போடாதீர்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு. படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2024 ஜனவரி முதல் இந்த மாதிரி எம்.எஸ்சி.க்குப் போகிறவர்கள் கணவனையோ குழந்தையையோ கூட அழைத்துப் போக முடியாது. கல்யாணம் பேசி வைத்திருக்கும் வீடுகள் கவனிக்கவும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலும் பட்டம் வேறு, லைசென்ஸ் வேறுதான்.

இன்னொன்று. இதில் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். பி.பி.டி. முடித்த உடனே ஓடாமல் இங்கே ரெண்டு வருஷம் வேலை பாருங்கள். நடந்து போகிற தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. பவர் பிரஸ்ஸில் விரல் போன வடசென்னைத் தொழிலாளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் அங்கே கை அறுவை சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். அறுந்த தசைநாணை டாக்டர் தைத்துவிடுவார். அது ஒட்டிக்கொண்டு விறைத்துப் போகாமல், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, அந்தக் கையை மறுபடி டம்ளர் பிடிக்க வைப்பது பிசியோவின் வேலை. ராயபுரத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர், எண்ணூரில் கை நசுங்கியவர், இப்படி நூறு பேரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அங்கே வகுப்பில் சொல்வது சட்டென்று புரியும். தொடும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்பதில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு. அந்தப் பழக்கத்தையும் இங்கேயே ஆரம்பிக்கலாம்.

ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை ஹெச்.சி.பி.சி. அங்கீகரித்திருக்கிறதா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. பார்க்கத் தெரியாதவர்கள் படிப்பின் முழுப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள், பேத்தியை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். மதியம் ரெண்டிலிருந்து நாலு வரை மட்டும் போன் வேண்டாம்.