மறுவிற்பனை டைம்ஷேர் வாங்குவது பற்றி அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

டைம்ஷேர் என்பது ஒரு விடுமுறை விடுதியின் அறைத்தொகுதியை ஆண்டுக்கு ஒரு வாரமோ, அதற்கு ஈடான புள்ளிகள் அளவுக்கோ பயன்படுத்தும் உரிமை. அமெரிக்காவில் இந்த உரிமை இரண்டு இடங்களில் விலைக்குக் கிடைக்கிறது. விடுதியைக் கட்டிய நிறுவனம் புதிதாக விற்கிறது. ஏற்கெனவே வாங்கியவர் தம் உரிமையைக் கைமாற்றி விடுகிறார். நிறுவனத்திடம் ஒரு வாரத்தின் விலை பெரும்பாலும் 20,000 டாலரைத் தாண்டும். அதே விடுதியின் அதே வாரம் மறுவிற்பனையில் சில நூறு டாலருக்குக் கிடைப்பதுண்டு. ஈபேயில் ஒரு டாலருக்கு ஏலம் போவதும் உண்டு. அறையில் குறை இருப்பதால் இவ்வளவு விலை சரிவதில்லை. இலவசச் சாப்பாடும் டிஸ்னி டிக்கெட்டும் காட்டி ஆட்களை அழைத்து வந்து, மணிக்கணக்கில் பேசிக் கையெழுத்து வாங்கும் செலவு புது விலைக்குள் அடங்கியிருக்கிறது. கையெழுத்தான மறுநாள் விலையின் அந்தப் பகுதிக்குச் சந்தையில் மதிப்பில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில், இரண்டு படுக்கையறையும் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள இடம் தமிழ்க் குடும்பங்களுக்கு வசதியானது. ஓர் இடத்தில் வாரத்தை வைத்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் ஈர்ப்பு. ஆனால் மலிவு விலையைக் கண்டு அவசரமாக வாங்கிவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்களும் உண்டு. அதனால்தான் டைம்ஷேர் வைத்திருக்கும் குடும்பங்கள் சில சேர்ந்து இந்த வேண்டுகோளை வெளியிடுகின்றன. இதன் சாரம் இது: டைம்ஷேரை அதன் விற்பனை விலையை வைத்து எடைபோட வேண்டாம், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணத்தை வைத்து எடைபோட வேண்டும்.

பரிமாற்றம் நடக்கும் முறை

இப்படி வாரத்தை மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத்தில் பெரிய நிறுவனங்கள் இரண்டு. 1974இல் இண்டியானாபொலிஸில் தொடங்கிய ஆர்சிஐ ஒன்று. 1976இல் மயாமியில் தொடங்கிய இன்டர்வல் இன்டர்நேஷனல் மற்றொன்று. ஒரு விடுதி எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் பெரும்பாலும் மாற்றிக்கொள்ள முடியும். உரிமையாளர் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகிறார். தம் வாரத்தைப் பொதுத் தொகுப்பில் செலுத்துகிறார். பிறர் செலுத்திய வாரங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. அது பொதுவாக 200 டாலருக்கு மேல்.

ஒரு வாரம் கொடுத்தால் எந்த வாரமும் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. செலுத்தும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பரிமாற்ற மதிப்பு உண்டு. அந்த ஊரில் அந்த வாரத்துக்கு எவ்வளவு கிராக்கி, எத்தனை பேர் தங்கும் அறை, தங்கியவர்கள் விடுதிக்குக் கொடுத்த மதிப்பெண் என்ன, எவ்வளவு முன்கூட்டியே செலுத்தப்பட்டது என்பவற்றால் அது கூடும், குறையும். ஆர்சிஐயில் ஒன்பது மாதத்துக்கு முன்பே செலுத்தினால்தான் முழு மதிப்பு. 2010 முதல் அங்கே இந்த மதிப்பு எண்ணாகவே உறுப்பினருக்குத் தெரிகிறது. குறைந்த மதிப்புள்ள வாரத்தை எடுத்தால் மீதி கணக்கில் நிற்கும். இன்டர்வலில் எண் தெரியாது. ஆனால் தன் வாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் கோரிக்கை பதிந்து காத்திருக்கும் வசதி உண்டு. மேரியட் உரிமையாளர்களுக்கு மேரியட் விடுதிகளில் அங்கே முன்னுரிமையும் கிடைக்கிறது.

தேதியில் வளைந்து கொடுக்கக் கூடியவர்களுக்கே பரிமாற்றம் நன்றாகப் பயன்படுகிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் அக்டோபரிலோ பிப்ரவரியிலோ போய்வரலாம். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கோடையும் கிறிஸ்துமஸும் வசந்த விடுமுறையும்தான் கதி. எல்லோரும் கேட்பது அந்த வாரங்களையே. அத்தகைய குடும்பம் ஆண்டுதோறும் ஒரே கடற்கரைக்குப் போக விரும்பினால், பரிமாற்றத்தை நம்புவதைவிட அந்த இடத்திலேயே ஜூலை 4ஐ ஒட்டிய நிலையான வாரத்தை வாங்குவது பயனுள்ளது. ஆர்லாண்டோவின் நிலை இதற்கு எதிர்மாறு. அங்கே விடுதிகள் ஏராளம். அதனால் பரிமாற்றத்தில் உள்ளே போவது எளிது. அங்குள்ள சாதாரண வாரத்தைக் கொடுத்து வேறிடம் போவது கடினம். டிஸ்னி போவதற்காக ஆர்லாண்டோவில் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை.

விளம்பரத்தைப் படிப்பது

மறுவிற்பனை விளம்பரம் ஒன்று இப்படி இருக்கும்: “2 பெட்ரூம் லாக்-ஆஃப், ஃப்ளோட் 1–50, ரெட், ஈவன் இயர், டீடட், 2026 யூஸ்.” இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பண மதிப்பு உண்டு. லாக்-ஆஃப் என்றால் நடுக்கதவைப் பூட்டி இரண்டு தனி அறைத்தொகுதிகளாகப் பிரிக்கலாம். இரண்டையும் தனித்தனியே செலுத்தி இரண்டு வாரங்கள் கேட்கலாம், மாற்றக் கட்டணமும் இரண்டு. ஃப்ளோட் 1–50 என்றால் கிறிஸ்துமஸ் வாரங்கள் நீங்கலாக எந்த வாரமும், ஆனால் முன்பதிவில் முந்துபவருக்கே. ரெட் என்பது கிராக்கி மிகுந்த பருவம். ஆண்டு முழுவதையும் சிவப்பாகக் காட்டும் ஊர்களில் அந்த வண்ணத்தை அப்படியே நம்பக் கூடாது. ஈவன் இயர் என்றால் இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டுமே உரிமை. டீடட் என்றால் வீட்டு மனைபோல் பத்திரப் பதிவுள்ள சொத்து. பத்திரம் இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமையும் உண்டு, மெக்சிகோவில் பெரும்பாலும் அதுவே. கடைசிச் சொல்லைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். 2026ஆம் ஆண்டு வாரத்தை விற்பவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டாரா, பரிமாற்றத்தில் செலுத்திவிட்டாரா, அந்த ஆண்டின் கட்டணத்தைக் கட்டுவது யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மறுவிற்பனை விலை 300 டாலர். பத்திரம், பெயர் மாற்றச் செலவு 500. இந்த 800ஐப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 80. விடுதிக்கு ஆண்டுதோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணம் 900, பரிமாற்றச் சந்தா 100, மாற்றக் கட்டணம் 250. மொத்தம் 1,330 டாலர். ஏழு இரவுக்கு இரவு ஒன்றுக்கு 190. வாங்கிய விலை இந்தக் கணக்கில் எவ்வளவு சிறியது என்பது கண்கூடு. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் 900 என்பது 1,466 ஆகிவிடும். புயலோ பெரிய பழுதுபார்ப்போ வந்தால் சிறப்பு வசூல் என்று தனியாகவும் கேட்பார்கள். விடுதியின் உரிமையாளர் சங்கத்தின் கடந்த ஐந்தாண்டுக் கட்டண விவரம், ஆண்டு பட்ஜெட், பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிய நிதி ஆகியவற்றை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்காமல் இந்தக் கணக்கை முடிக்க இயலாது.

அடுத்து, இந்தத் தொகையை வாடகையோடு ஒப்பிட வேண்டும். உரிமையாளர்கள் பலர், பராமரிப்புக் கட்டணம் கைக்கு வந்தால் போதும் என்று தம் வாரத்தை வாடகைக்கு விடுகிறார்கள். அதே அறை வாடகைக்கு அதே தொகையிலோ குறைவாகவோ கிடைக்குமானால் வாங்குவதில் பொருளில்லை. வாடகைக்கு எடுத்து ஓர் ஆண்டு தங்கிப் பார்த்தால் விடுதியின் உண்மை நிலையும் தெரிந்துவிடும்.

மறுவிற்பனையில் கிடைக்காதவை

முதல் வாங்குநருக்கு உள்ள சலுகைகள் அனைத்தும் அடுத்தவருக்கு வருவதில்லை. டிஸ்னியின் டைம்ஷேர் அமைப்பான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் 2019 ஜனவரி 19க்குப் பின் முதல் 14 விடுதிகளின் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்கியவர்கள், அவற்றைக் கொண்டு ரிவியரா போன்ற புதிய விடுதிகளில் தங்க முடியாது. ரிவியரா புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்கினால் ரிவியராவில் மட்டுமே தங்கலாம். விண்டம் நிறுவனத்தில் மறுவிற்பனைப் புள்ளிகள் விஐபி தகுதிக்குக் கணக்கில் சேராது. பரிமாற்ற நிறுவனமும் நிலையானதில்லை. டிஸ்னி 2022இல் ஆர்சிஐயிலிருந்து இன்டர்வலுக்கு மாறியது. ஒரு குறிப்பிட்ட விடுதிக்கு மாறிப் போகலாம் என்ற ஒரே நம்பிக்கையில் வாங்குபவர், அந்த ஒப்பந்தம் மாறினால் விரும்பாத இடத்தில் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க நேரும். பரிமாற்றம் கிடைக்காத ஆண்டிலும் போய்த் தங்க மனம் வரும் இடத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

ஆவணச் சோதனை

நிறுவனத்திடம் புதிதாக வாங்கியவர் மனம் மாறினால் ரத்துசெய்யச் சட்டம் அவகாசம் தருகிறது: ஃப்ளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. தனியாரிடம் மறுவிற்பனையில் வாங்குவோர் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஆகவே சோதனை எல்லாம் பணம் கொடுக்கும் முன்பே முடிய வேண்டும்.

முதலில் பத்திரம். விடுதி இருக்கும் கவுன்டியின் பதிவேட்டில் விற்பவர் பெயரைத் தேடினால் அவர் பெயரில் பத்திரம் உள்ளதா, அடமானம் தீர்ந்ததா என்பது தெரியும். ஆர்லாண்டோ அமைந்த ஆரஞ்சு கவுன்டி போன்ற இடங்களில் இதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஃப்ளோரிடாப் பத்திரங்களில் விலையையும் கண்டுபிடிக்க வழி உண்டு. பத்திரத்தில் “பத்து டாலரும் பிற மதிப்பும்” என்று மொட்டையாக எழுதியிருந்தாலும், முத்திரை வரி எவ்வளவு என்பது மேலே பதிவாகியிருக்கும். அந்த வரி பெரும்பாலான கவுன்டிகளில் நூறு டாலருக்கு 70 சென்ட். 140 டாலர் வரி என்றால் விலை 20,000. வரி வெறும் 70 சென்ட் என்றால் விலை நூறு டாலரைத் தாண்டவில்லை. ஒரே விடுதியின் அண்மைப் பத்திரங்கள் பத்தை இப்படிப் பார்த்தால் உண்மையான சந்தை விலை விளங்கிவிடும்.

அடுத்தது எஸ்டாப்பல் கடிதம். உரிமையாளர் யார், வாரம் எது, கட்டண பாக்கி உண்டா, அடுத்த பயன்பாடு எந்த ஆண்டிலிருந்து, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதை விடுதியே எழுதித் தரும் கடிதம் அது. விற்பவரின் வாய்மொழி எதுவானாலும் இந்தக் கடிதமே செல்லும்.

பணத்தை விற்பவரிடம் நேராகக் கொடுக்காமல், இரு தரப்புக்கும் பொதுவான எஸ்க்ரோ கணக்கில், பத்திரக் கைமாற்றத்தைக் கவனிக்கும் டைட்டில் நிறுவனம் வழியாகச் செலுத்த வேண்டும். டிஸ்னி, மேரியட், ஹில்டன் போன்றவை அதே விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையை வைத்திருக்கின்றன. அவை விட்டுக்கொடுத்த பிறகே கைமாற்றம் நிறைவேறும். பத்திரம் கவுன்டியில் பதிவாகி, விடுதியின் கணக்கிலும் பெயர் மாறிய பின்தான் வாங்கியதாகக் கொள்ள வேண்டும்.

வெளியேறும் வழி

ஒரு டாலருக்கு வாங்கியதை ஒரு டாலருக்கு விற்பதுகூட எளிதன்று. விசா முடிந்து ஊர் திரும்பும் குடும்பத்துக்கும் பராமரிப்புக் கட்டணச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். கட்டாமல் விட்டால் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய்க் கடன் மதிப்பெண் கெடும். சில நிறுவனங்கள் கடன் தீர்ந்த வாரங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எல்லா விடுதிகளும் அப்படிச் செய்வதில்லை. வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விற்கத் தவிப்பவர்களைக் குறிவைத்து மோசடிக் கும்பல்களும் இயங்குகின்றன. “வாங்க ஆள் தயார், வரியை மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்” என்பதே அவர்கள் வழக்கமாகச் சொல்வது. மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவை மையமாகக் கொண்டு, போதைமருந்துக் கும்பல் ஒன்றோடு தொடர்புடைய இத்தகைய நிறுவனங்கள் மீது அமெரிக்கக் கருவூலத் துறை 2023இல் தடை விதித்தது. முன்பணம் கேட்கும் எவரிடமும் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டு, மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திலும் மத்திய வர்த்தக ஆணையத்திலும் புகார் செய்யலாம்.

வேண்டுகோள்

மேற்கண்டவற்றை முன்வைத்துத் தமிழ்க் குடும்பங்களை இக்குழு கேட்டுக்கொள்வன நான்கு.

1. விற்பனைக் கூட்டத்தில் அன்றைக்கே எதிலும் கையெழுத்திட வேண்டாம். அங்கே சொல்லும் விலையை வீட்டுக்கு வந்து மறுவிற்பனை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் ரத்து அவகாசம் முடியும் முன்பே, ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி எழுத்தில் ரத்துசெய்யலாம்.

2. மறுவிற்பனையில் வாங்க நினைப்பவர்கள் ஓர் ஆண்டாவது வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்துவிட்டு, ஆண்டுக் கணக்கைக் காகிதத்தில் போட்டபின் முடிவெடுக்க வேண்டும்.

3. நண்பர்களைப் பரிந்துரைத்தால் போனஸ் புள்ளிகள், பரிசு அட்டைகள் என்று நிறுவனங்கள் தூண்டுகின்றன. அதற்காகத் தமிழ்ச் சங்கத்தில் பழகியவர்களையும் அலுவலகத் தோழர்களையும் விற்பனைக் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பரிசு யாருக்கு வருகிறது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. தம் வாரத்தைத் தெரிந்தவருக்குச் சும்மாவே கொடுத்தாலும், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கடந்த ஆண்டுகளில் எவ்வளவு ஏறியது, அடுத்த பயன்பாடு எப்போது என்பவற்றை எழுத்தில் தந்த பிறகே கொடுக்க வேண்டும். வாங்குபவர் கேட்கவில்லை என்பதற்காக விடக் கூடாது.