பதினான்கு நாள் கெடு

‘குழந்தை அழறதே இல்லை, தங்கமான பிள்ளை’ என்று பெருமையாகச் சொல்லும் பாட்டிமாரை எல்லோரும் பார்த்திருப்போம். பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்த வேளைப் பாலுக்கும் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் தெளியவில்லை என்றால் காலை வெயிலில் காட்டுகிறார்கள். மலம் சரியாகப் போகவில்லை, தொப்புள் புடைத்திருக்கிறது என்றால் அதற்கும் வீட்டில் ஒரு சமாதானம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர், பிறவித் தைராய்டு குறையோ என்று சந்தேகிப்பார். ஆனால், பல குழந்தைகளிடம் இந்த அறிகுறிகள்கூட இருப்பதில்லை. வயிற்றில் இருந்த நாளில் தாயின் தைராய்டு ஹார்மோன் ஓரளவு வந்துசேர்ந்ததால், பிறக்கும்போது எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது.

பிறந்த பிறகு அந்த வரத்து நின்றுவிடுகிறது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. பரிசோதனைத் திட்டங்கள் வருவதற்கு முன்பு, 1972-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மூன்று மாதத்துக்குள் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 89, ஆறு மாதத்துக்குப் பிறகு சிகிச்சை தொடங்கியவர்களுக்கு 54. இன்று மருத்துவர்கள் வைக்கும் கெடு இன்னும் நெருக்கமானது: பிறந்த பதினான்கு நாளுக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்றவர்களோடு பள்ளிக்குப் போகும், படிக்கும், வேலைக்கும் போகும். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய்க்கு மேல் ஆகாத லெவோதைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுப்பதுதான் சிகிச்சை.

இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இக்குறை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்கு எளிது: ஆண்டுதோறும் ஏறத்தாழ எண்ணூறு குழந்தைகள்.

வாடையில் தொடங்கிய தேடல்

மூளையைப் பாதிக்கும் வளர்சிதைமாற்ற நோய்களை முன்கூட்டியே பிடிக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு தாயின் பிடிவாதம் காரணம். 1934-ல் நார்வேயில், அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளின் மேலும் வீசும் புழுங்கிய வாடைக்குக் காரணம் கேட்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார் அவர். கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார்; அது பச்சையாக மாறியது. உணவுப் புரதத்தில் உள்ள ஃபினைல்அலனைனை உடைக்கும் நொதி சரியாக இயங்காததால், அது ரத்தத்தில் தேங்கி மூளைக்கு நஞ்சாகிறது என்பது பின்னால் தெளிவானது. பரம்பரைப் பழுது, வளர்சிதைமாற்றக் கோளாறு, நச்சுப் பாதிப்பு ஆகிய மூன்றும் ஒரே நோயில் சந்தித்தன. 1950-களில் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர் ஃபினைல்அலனைன் குறைந்த உணவு கொடுத்து, இதற்குச் சிகிச்சை உண்டு என்று நிரூபித்தார்கள்.

சிகிச்சை இருந்தும், நோயைக் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த இடைவெளியை அடைத்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. மனைவி வழி உறவில் ஒரு பெண் குழந்தைக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்ற இதே நோய். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை வடிதாளில் ஊற விட்டு, உலர்த்தி, தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அவர் காட்டினார். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைச் சட்டமாக்கியது. 1970-களில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுஸ்ஸோ அதே உலர்ந்த ரத்தப் பொட்டில் தைராய்டு குறையையும் கண்டறிய வழி செய்தார். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தியாவில் நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இல்லை. கோவா 2008-ல் தொடங்கியது. கேரளத்தின் அரசு மருத்துவமனைகளில் இது நடக்கிறது. இலங்கையில் தென் மாகாணத்தில் தொடங்கித் தீவு முழுக்க விரிந்தது. தமிழ்நாட்டிலும் சில மாவட்டங்களில் முயற்சிகள் நடந்ததுண்டு. ஆனால், எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் பிறந்தாலும் சோதனை நடக்கும் என்ற உறுதி பெற்றோருக்கு இல்லை.

சொந்தத்தில் திருமணம் என்ற பாதிப் பதில்

பிறவி நோய்களைப் பற்றிய பேச்சை எடுத்தாலே, ‘சொந்தத்தில் கட்டிக்கொடுக்காதீர்கள்’ என்ற அறிவுரை முன்னால் வந்து நிற்கும். அதில் உண்மை இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 திருமணங்கள் ரத்த உறவில் நடந்தவை. தாய்மாமன், அத்தை மகன் என்று ஒரே குடும்ப வேரிலிருந்து வருபவர்கள் ஒரே பழுதுபட்ட மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மேப்பிள் சிரப் சிறுநீர் நோயும் தாய்ப்பாலே நஞ்சாகும் கேலக்டோசீமியாவும் இவ்வழியில் வருபவை.

ஆனால், தைராய்டு சுரப்பி உருவாகாமலே போவதும் இடம் மாறி அமைவதும் பெரும்பாலும் பரம்பரைத் தொடர்பு இல்லாமல், அந்நியத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கும் நேர்கின்றன. திருமண அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளும் அரசு, பழியைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டுத் தன் வேலையிலிருந்து கழன்றுகொள்கிறது. அந்தப் பழி கடைசியில் போய்ச் சேரும் இடம் எது என்பது நமக்குத் தெரியும்: ‘மாசமா இருக்கும்போது என்னத்தைத் தின்னாளோ’ என்று மருமகளிடம்.

எங்கே நழுவும்?

தமிழ்நாட்டின் கையில் இல்லாதது எது? 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. கர்ப்பத்தைப் பதிந்தவுடன் பிக்மி எண் கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். மருந்தை மொத்தமாக வாங்கிக் கொடுக்க மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. ஊர் ஊருக்குக் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ரத்த அட்டையில் அந்த பிக்மி எண்ணை எழுதினால் போதும்.

உண்மையான சிக்கல், ஆய்வகத்தில் முடிவு வந்த பிறகு தொடங்குகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண்ணின் முகவரி ஓர் ஊரில், குழந்தை இன்னோர் ஊரில். பதிவேட்டில் இருப்பது கணவரின் செல்பேசி எண். அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார். இரண்டு முறை அழைத்துப் பார்த்து விட்டுவிட்டால், சோதனைக்குச் செலவழித்த பணம் வீண். வீட்டார் கிடைத்தாலும், ‘பிள்ளை நல்லாத்தானே இருக்கு, பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?’ என்பார்கள். அதற்குப் பதில் சொல்லி, மறு ரத்தம் எடுத்து, மாத்திரை தொடங்கவைத்து, குழந்தை தேறிவிட்டதென்று அவர்களாகவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இன்று இந்த வேலை யாருடைய பொறுப்பு என்று எழுதப்படாமலே கிடக்கிறது. ஏற்கெனவே எத்தனையோ பதிவேடுகளைச் சுமக்கும் கிராம செவிலியரின் தலையில் இதையும் ஏற்றினால் நடக்காது. மாவட்டத்துக்கு ஒருவரையாவது இதற்கென்றே அமர்த்த வேண்டும்.

இன்னொரு தவறும் காத்திருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்களைப் பார்ப்பதாகச் சொல்லிச் சில ஆயிரம் ரூபாய்க்குச் சோதனைத் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. அரசும் அதே பட்டியலோடு தொடங்க நினைத்தால் திட்டம் கோப்பிலேயே முடியும். பட்டியலில் உள்ள பல நோய்களுக்கான தனி உணவுப்பொடி எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். மருந்து கொடுக்க முடியாத நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது குடும்பத்துக்குச் செய்யும் உதவியாகாது. எது பரவலோ, எதற்குச் சிகிச்சை மலிவோ அதில் தொடங்குவதே முறை. பிறவித் தைராய்டு குறை இரண்டு தகுதியும் உள்ளது. அதை ஒரு குழந்தைகூட விடாமல் நடத்திக் காட்டிய பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம்.

தொடங்கினால், எத்தனை லட்சம் குழந்தைகளுக்குச் சோதனை செய்தோம் என்று விளம்பரம் வரும். அந்த எண்ணை வைத்துத் திட்டத்தை எடைபோட முடியாது. நோய் உறுதியான குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் பதினான்காம் நாளுக்குள் மாத்திரை தொடங்கினார்கள் என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.